மீண்டு வந்த ஒரு மாத்திரை



இன்று குளோசபின் என்ற மாத்திரையின் கதையைச் சொல்கிறேன். மனச்சிதைவு நோய்க்குக் கொடுக்கும் மருந்து இது.

இந்த நோய்க்குப் பலன் தரும் மருந்துகள் 1950களில்தான் வந்தன. காதில் குரல் கேட்பதும் வீண் சந்தேகமும் அவற்றால் குறைந்தன. மூளையில் செய்தி கொண்டுபோகும் ரசாயனங்களில் ஒன்று டோபமைன். அது போய்ச் சேரும் ஏற்பிகளை இந்த மருந்துகள் அடைத்துக்கொள்கின்றன. ஆனால் கை கால் சீராக அசையவும் அதே டோபமைன் வேண்டுமே! பலருக்குக் கை நடுங்கியது, உடம்பு விறைத்தது. விறைப்பு வந்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்றுகூட அன்றைய மருத்துவர்கள் பலர் நம்பினார்கள்.

சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் வாண்டர் நிறுவனம் 1958இல் உருவாக்கிய குளோசபின் அந்த நம்பிக்கையைப் பொய்யாக்கியது. நோய் தணிந்தது, விறைப்போ மிகக் குறைவு. டோபமைன் ஏற்பியை அது தளர்வாகத்தான் பிடிக்கிறது. வேறு சில ஏற்பிகளிலும் வேலை செய்கிறது. 1970களின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தது.

1975இல் பின்லாந்திலிருந்து அதிர்ச்சிச் செய்தி. இதைச் சாப்பிட்ட சிலருக்கு ரத்த வெள்ளை அணுக்கள் அடியோடு குறைந்து, கிருமித் தொற்றில் 8 பேர் இறந்துபோனார்கள். பல நாடுகளில் மருந்தை நிறுத்திவிட்டார்கள்.

ஆனால் வேறு எந்த மருந்துக்கும் குணமாகாத நோயாளிகளை என்ன செய்வது? அமெரிக்காவில் ஜான் கேன் குழுவினர் அப்படிப்பட்ட 268 பேரிடம் 6 வாரம் ஆய்வு நடத்தினார்கள். 1988இல் முடிவு வெளிவந்தது. பழைய மருந்தான குளோர்புரோமசின் சாப்பிட்டவர்களில் 100க்கு 4 பேருக்கு முன்னேற்றம். குளோசபின் சாப்பிட்டவர்களில் 100க்கு 30 பேருக்கு! 1989இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. அன்று விதித்த முக்கிய நிபந்தனை: வாரந்தோறும் ரத்தப் பரிசோதனை. அணுக்கள் குறைந்தால் மருந்து உடனே நிறுத்தப்படும்.

ஆபத்தை யாரும் மூடி மறைக்கவில்லை. ஆபத்துக்குப் பயந்து மருந்தைத் தூக்கி எறியவும் இல்லை. அணுக்களை எண்ணிப் பார்த்துக் கொடுத்தார்கள். 8 உயிர்கள் கற்றுக்கொடுத்த பாடம் அது.

உங்கள் வீட்டில் யாராவது இதைச் சாப்பிட்டால், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ரத்தப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். காய்ச்சல், தொண்டைவலி வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லுங்கள். நாலு பேருக்குத் தெரிந்துவிடுமே என்று கூச்சப்படவும் வேண்டாம். சர்க்கரைக்கு மாத்திரை போடுவதை நாம் மறைக்கிறோமா என்ன?

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்