நான்காம் சிம்பொனி (ஷோஸ்டகோவிச்)

ருஷ்ய இசையமைப்பாளர் திமீத்ரி ஷோஸ்டகோவிச் (1906–1975) 1935 செப்டம்பரில் தொடங்கி 1936 மே மாதம் எழுதி முடித்த சிம்பொனி. முதல் அரங்கேற்றம் 1961 டிசம்பர் 30, மாஸ்கோ. இடையில் 25 ஆண்டுகள்.

தொடங்கியபோது அவர் சோவியத் இசையுலகின் செல்லப்பிள்ளை. 1934இல் மேடையேறிய அவருடைய ‘லேடி மக்பெத்’ ஓபராவுக்குக் கூட்டம் குறையவில்லை. 1936 ஜனவரி 26 அன்று அதைப் பார்க்க வந்த ஸ்டாலின், முடியும் முன்பே எழுந்து போனார். இரண்டே நாளில் கம்யூனிஸ்ட் கட்சி நாளேடான ‘பிராவ்தா’, அது இசையல்ல, குழப்பம் என்று சாடியது. கட்டுரையில் எழுதியவர் பெயர் இல்லை. ஆகவே கட்சியே பேசுகிறது என்று எல்லாருக்கும் புரிந்தது.

அப்போது சிம்பொனி முடிந்திருக்கவில்லை. மிச்சத்தை எழுதும்போதும் அவர் பணிந்துபோகவில்லை. நூற்றுக்கு மேற்பட்ட வாத்தியக்காரர்கள் தேவைப்படும், ஒரு மணி நேரம் நீளும் படைப்பு. இசையமைப்பாளர் மாலரின் சாயல் தூக்கலாகத் தெரியும். ஆட்சி எதிர்பார்த்ததோ வெற்றி முழக்கம். இதிலோ கடைசிப் பேரோசை அடங்கியபின் தந்திகள் ஒரே சுருதியில் நீள, செலஸ்டா என்ற வாத்தியத்தின் சில ஸ்வரங்கள் மட்டும் மிஞ்சி, இசை மங்கி மறைகிறது. அவர் எழுதிய முடிவுகளில் இதுவே மிகத் துணிச்சலானது எனலாம்.

லெனின்கிராட் பில்ஹார்மோனிக் குழு ஃபிரிட்ஸ் ஸ்டீட்ரி தலைமையில் ஒத்திகை பார்த்துவந்தது. 1936 டிசம்பரில் கச்சேரி ரத்தானது. இசையமைப்பாளரே விலக்கிக்கொண்டார் என்பது அறிவிப்பு. மேலிடத்து நெருக்குதல் என்பது நண்பர் ஐசக் கிளிக்மனின் நினைவுக்குறிப்பு. நடத்துநர் சரியாகக் கையாளவில்லை என்றும் ஒரு பேச்சு உண்டு. கைதுகள் பெருகிய காலத்தில், தானாக விலக்கிக்கொண்டார் என்ற சொல்லை அப்படியே எடுத்துக்கொள்வது கடினம்.

1937 நவம்பரில் மிராவின்ஸ்கி நடத்திய ஐந்தாம் சிம்பொனி ஷோஸ்டகோவிச்சின் பெயரை மீட்டது. நான்காவதன் கையெழுத்துப் பிரதி போர்க்காலத்தில் தொலைந்தது. 1948இல் கட்சி அவரையும் புரோகோஃபியெவ், கச்சதூரியன் முதலிய இசையமைப்பாளர்களையும் கண்டித்துத் தீர்மானம் போட்டது. அதன்பின் நான்காம் சிம்பொனியைப் பற்றி யார் வாய் திறப்பது? தீர்மானத்தின் பழிகளைக் கட்சி 1958இல்தான் திரும்பப் பெற்றது.

ஒத்திகைக்காகப் பிரித்தெழுதிய வாத்தியப் பகுதிகள் தப்பியிருந்தன. அவற்றைக் கொண்டு முழுப் பிரதி மறுபடி உருவானது. 1961 அரங்கேற்றத்தில் கிரில் கொந்திராஷின் தலைமையில் மாஸ்கோ பில்ஹார்மோனிக் அதை வாசித்தது. அதற்குள் பன்னிரண்டாம் சிம்பொனியும் அரங்கேறி மூன்று மாதம் ஆகியிருந்தது. எதையாவது திருத்த விரும்புகிறாரா என்று கேட்டபோது ஷோஸ்டகோவிச் மறுத்துவிட்டார்.