பைனாகுலரைச் சுருக்கிய கதை

"சட்டைப் பாக்கெட்ல அடங்கணும், ஆனா ஜூம் எக்கச்சக்கமா இருக்கணும். எந்த பைனாகுலர்டா வாங்கலாம்?" என்று கேட்டான் நண்பன். இதற்கான பதில் 400 வருடக் கதையில் இருக்கிறது. ஒரு நடை போய்விட்டு வருவோம்.

1608. நெதர்லாந்தின் மிடில்பர்க் நகரில் மூக்குக்கண்ணாடி செய்துகொண்டிருந்த ஹான்ஸ் லிப்பர்ஷே, தொலைநோக்கிக்குக் காப்புரிமை கேட்டு ஆட்சியாளர்களிடம் போனார். அவர்களோ இரண்டு கண்ணாலும் பார்க்கும்படி செய்துதரச் சொன்னார்கள். செய்தும் கொடுத்தார். பணம் வந்தது, காப்புரிமை வரவில்லை. இந்த வித்தை மற்றவர்களுக்கும் தெரியும் என்று சொல்லிவிட்டார்கள்!

அந்தக் கால அமைப்பில் உருவம் நேராகத் தெரியும், கருவியும் சின்னது. ஆனால் சாவித் துவாரம் வழியாகப் பார்ப்பது போலத்தான் இருக்கும். 1611இல் கெப்ளர் சொன்ன அமைப்பில் காட்சி விரிந்தது, ஆனால் தலைகீழானது. அதை நிமிர்த்த இன்னும் லென்ஸ் சேர்த்தால் குழாய் நீண்டுவிடும்.

1854இல் இத்தாலியரான இக்னாசியோ போரோ இதற்கு வழி கண்டார். இரண்டு பிரிசங்கள் ஒளியை மடக்கிக் குழாயைக் குட்டையாக்கும், உருவத்தையும் நிமிர்த்தும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். ஆனால் அதற்கேற்ற தெளிவான கண்ணாடி அன்று இல்லை. ஜெர்மனியின் யேனா நகரில் 1884இல் ஷாட் கண்ணாடித் தொழிற்சாலை வந்த பிறகுதான் அது கிடைத்தது.

அதே ஊரில் சைஸ் நிறுவனத்தின் எர்ன்ஸ்ட் அபே, போரோவைப் பற்றித் தெரியாமலே அதே யோசனைக்கு வந்திருந்தார். 1893இல் காப்புரிமை கேட்டபோது போரோவின் பழைய காப்புரிமை குறுக்கே நின்றது. கடைசியில் கிடைத்தது ஒன்றே ஒன்று: முன் லென்ஸ்கள் இரண்டையும் கண்களின் இடைவெளியை விட அகலமாக வைக்கும் உரிமை. அதனால் எது பக்கம், எது தூரம் என்ற ஆழம் நன்றாகத் தெரியும். 1894இல் விற்பனைக்கு வந்தது. 1908இல் காப்புரிமை முடியும்வரை அந்த அமைப்பு சைஸ் கையில்தான். வணிகவியல் படிக்கிற எனக்கு மிகவும் பிடித்த இடம் இது :-)

இப்போது பாக்கெட் பைனாகுலரைக் கவனியுங்கள். கையடக்கமாக்குவதற்காக முன் லென்ஸ்களை நெருக்கி வைக்கிறார்கள். அதாவது சைஸ் அன்று கட்டிக் காத்த அதே அகலத்தைத்தான் நாம் முதலில் விட்டுக்கொடுக்கிறோம்!

அடுத்து விட்டுக்கொடுப்பது வெளிச்சம். 8x25 என்றால் 8 மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 25 மி.மீ. 25ஐ 8ஆல் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம்: சுமார் 3 மி.மீ. பகலில் நம் கண்பாவையும் ஏறக்குறைய அவ்வளவுதான் விரியும், போதும். மங்கிய வெளிச்சத்தில் கண்பாவை இன்னும் விரியும், அப்போது இது போதாது. 10x25 என்றால் 2.5தான். ஜூம் ஏற ஏற இருட்டும் கை நடுக்கமும் கூடும்.

கடைசியாக, நேர்க்குழாய் வடிவ மாடல்களில் இருப்பது கூரைப் பிரிசம். அதில் ஒளி இரண்டாகப் பிரிந்து சேரும்போது படத்தின் கூர்மை குறைகிறது. அதைச் சரிசெய்யும் பூச்சை சைஸ் 1988இல்தான் கொண்டுவந்தது. 'ஃபேஸ் கோட்டிங்' என்று பெட்டியில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பட்ஜெட் இடிக்கிறதா? போரோ பிரிசத்தைத் திருப்பி வைத்த குட்டி மாடல் வாங்கலாம், அதற்கு அந்தப் பூச்சு தேவையே இல்லை.

நண்பனுக்கு 8x25 வாங்கச் சொன்னேன். "வெறும் எட்டா?" என்று முகம் சுளித்தான். இந்தக் கதையை முழுக்கச் சொன்ன பிறகுதான் சமாதானமானான். நீங்களும் கடைக்குப் போனால் ஜூமை மட்டும் கேட்காதீர்கள், ஒரு வகுத்தல் கணக்கும் போட்டுப் பாருங்கள்.