எறும்புக்கு வீடு கட்டியவர்கள்

உணவு அலமாரியின் நான்கு கால்களையும் நீர் நிறைந்த கிண்ணங்களில் நிறுத்துவது நம் வீடுகளில் நெடுநாளைய வழக்கம். எறும்பை உள்ளே விடாதிருக்க நாம் செய்த இவ்வேற்பாட்டை, எறும்பை வெளியே விடாதிருக்கச் செய்தவர் ஒருவர் உண்டு. 17-ஆம் நூற்றாண்டில் ஆம்ஸ்டர்டாம் நகரில் வாழ்ந்த யான் ஸ்வாமர்டாம் என்பவரே அவர். குழிந்த பெரிய தட்டொன்றின் ஓரத்தில் மெழுகினால் வாய்க்கால் அமைத்து, அதில் நீரை ஊற்றி, நடுவே மண்ணையும் எறும்புகளையும் இட்டு வைத்தார். மனிதன் கையால் எறும்புக்கு அமைந்த வீடுகளில் மிகப் பழையவற்றுள் இஃது ஒன்று. 1680-இல் அவர் மறைந்தார். அவருடைய குறிப்புகள் நூலாக வெளிவர மேலும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

தட்டில் எறும்பு தங்கியது; ஆனால் மண்ணுக்குள் அது என்ன செய்தது என்பது தெரியவில்லை. பார்ப்பவனுக்கு வெளிச்சம் வேண்டும். எறும்புக்கோ இருள் வேண்டும். வீட்டில் செய்த எறும்புக் கூடுகளின் வரலாறு பெரும்பாலும் இவ்விரு தேவைகளுக்கும் இடையே நடந்த வழக்கின் வரலாறுதான்.

இவ்வழக்கைத் திறம்பட நடத்தியவர் ஆங்கிலேயரான ஜான் லப்பக். தொழிலால் வங்கியாளர், பாராளுமன்ற உறுப்பினர். இங்கிலாந்தில் வங்கி விடுமுறை நாட்களை ஏற்படுத்திய 1871-ஆம் ஆண்டுச் சட்டம் இவர் முயற்சியால் வந்தது. விடுமுறையின் அருமை அறிந்த எவரும் இவரை நன்றியுடன் நினைக்கலாம். இரண்டு கண்ணாடித் தகடுகளைக் கால் அங்குலத்துக்கும் மிகாத இடைவெளியில் அடுக்கி, இடையே மெல்லிய மண்ணை நிரப்பி, அதில் எறும்புகளைக் குடியேற்றினார். இடம் அத்துணைக் குறுகலாக இருந்தமையால் எறும்பு மண்ணுக்குள் மறைய வழியில்லை. மேலே மூடி இட்டு இருட்டாக்கினார். வேண்டும்போது மட்டும் திறந்து பார்த்தார். சுற்றிலும் அதே பழைய நீர் அகழிதான்.

பிறகு அம்மூடிக்குப் பதிலாக வண்ணக் கண்ணாடிகளை வைத்துப் பார்த்தார். நம் கண்ணுக்கு இருண்டு தோன்றும் ஊதா நிறத்தின் கீழிருந்து எறும்புகள் தம் குஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு ஓடின. சிவப்பின் கீழே அமைதியாகக் கூடின. நாம் காணாத புற ஊதாக் கதிரையும் அவை உணர்ந்து விலகுகின்றன என்பது இவ்வாறு விளங்கிற்று. இச்செய்திகளை 1882-இல் அவர் நூலாக வெளியிட்டார். எறும்பு வளர்ப்போர் இன்றும் கூட்டின் மேல் சிவப்புத் தாளை ஒட்டுவதற்குக் காரணம் இதுவே. அவர் கூட்டில் 1874-இல் குடிபுகுந்த ராணி எறும்பு ஒன்று 1888 வரை உயிர் வாழ்ந்தது. அற்ப உயிர் என்று நாம் தள்ளும் ஒன்றுக்கு இவ்வளவு நீண்ட ஆயுள் உண்டு என்பதை அக்கண்ணாடித் தகடுகள் காட்டின.

மண் காய்ந்தால் எறும்பு மடியும். மிகுதியாக நனைந்தால் பூஞ்சை படரும். இந்தச் சிக்கலைத் தீர்த்தவர் பிரான்சு நாட்டுப் பொறியாளர் சார்ல் ஜானே. அவர் 1893-இல் மண்ணையே கைவிட்டார். பிளாஸ்டர் கட்டியில் அறைகளைக் குடைந்து, அவற்றை இணைத்து, மேலே கண்ணாடி போட்டார். கட்டியின் ஒரு முனையில் சிறு தொட்டி. அதிலுள்ள நீர் பிளாஸ்டரின் நுண்துளைகள் வழியே மெல்லக் கசியும். ஆகவே முதல் அறை ஈரமாகவும், அடுத்தது மிதமாகவும், கடைசி அறை உலர்ந்தும் இருக்கும். முட்டைக்கு எவ்வறை, குஞ்சுக்கு எவ்வறை என்பதை எறும்புகளே முடிவு செய்துகொண்டன. குடியிருப்பவரைக் கேட்டு வீடு கட்டிய முதல் மனிதர் இவர் என்பது என் எண்ணம். சிறிது காலத்துக்குப் பின், சீனாவில் பல்லாண்டுகள் சமயப் பணியாற்றி அமெரிக்கா திரும்பிய அடீல் ஃபீல்ட் அம்மையார், அறுபது வயதையொட்டி எறும்பு ஆராய்ச்சியில் இறங்கி, எளிதில் எடுத்துச் செல்லத்தக்க கண்ணாடிக் கூடுகளை அமைத்தார்.

1956-இல் மில்டன் லெவீன் என்ற அமெரிக்கர் எறும்புக் கூட்டைச் சிறுவர் விளையாட்டுப் பொருளாக்கினார். இரு பக்கமும் ஒளி ஊடுருவும் பெட்டி, உள்ளே மணல், எறும்புகள் அஞ்சலில் வரும். ஆனால் ராணி வராது. அந்நாட்டு விதிகள் ராணியை மாநிலம் விட்டு மாநிலம் அனுப்பத் தடை செய்தன. ராணி இல்லாத கூட்டில் முட்டை ஏது? சில வாரங்கள், மிஞ்சினால் சில மாதங்கள். பின்னர் வெறும் மணல்தான். லப்பக்கின் கூடு பதினான்கு ஆண்டு வாழ்வைக் காட்டியது என்றால், இது ஒரு குடியின் அழிவைக் காட்டியது.

அந்த ராணியே இன்று வாணிபப் பொருள். 2025-இல் கென்யாவில் ஏறத்தாழ 5,000 ராணி எறும்புகளைக் கடத்த முயன்ற நால்வருக்கு நீதிமன்றம் தண்டனை வழங்கியது. ஆளுக்குப் பத்து லட்சம் ஷில்லிங் அபராதம், தவறினால் ஓராண்டுச் சிறை. எறும்புகள் பஞ்சடைத்த சோதனைக்குழாய்களில் இருந்தன. வீட்டில் எறும்பு வளர்ப்போர் அனைவரும் முதலில் செய்யும் கூடும் அதுதான்.

அதற்குக் கடத்தல் தேவையில்லை. டில்லியோ நாகபுரியோ, நாம் வாழும் ஊரில் முதல் மழைக்குப் பின் மாலை விளக்கடியில் இறகுள்ள ராணிகள் விழும். ஈசலோடு குழப்பிக்கொள்ளலாகாது, ஈசலின் நான்கு இறகுகளும் ஒரே அளவின, எறும்புக்கோ முன்னிறகு பெரிது, இடை மெல்லிது. இறகு உதிர்த்து நிலத்தில் அலையும் ராணியே கருவுற்றிருக்கக் கூடியது. குழாயில் மூன்றிலொரு பங்கு நீர் ஊற்றி, நீரைத் தொடுமாறு பஞ்சை அழுத்தி, ராணியை விட்டு, வாயை உலர்ந்த பஞ்சால் அடைக்க வேண்டும். பிறகு கருந்தாளில் சுற்றி அலமாரியில் வைத்துவிட வேண்டும். கட்டெறும்பு போன்ற இனங்களின் ராணிக்கு உணவும் வேண்டாம். இனிப் பறக்கத் தேவையில்லாத இறகுத் தசைகளைக் கரைத்தே முதற் குஞ்சுகளை ஊட்டும். முதல் வேலைக்கார எறும்பு நடமாட ஒரு மாதமோ அதற்கு மேலோ ஆகும். அதுவரை நாள்தோறும் தாளைப் பிரித்துப் பார்க்கும் வீட்டில், கலவரமுற்ற ராணி தன் முட்டைகளைத் தானே தின்றுவிடுவதும் உண்டு.