இரு வினாக்களும் ஒரு புதினமும்

1943ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், அமெரிக்காவின் பாலை நிலங்களில் முள்வேலிக்குள் அடைக்கப்பட்டிருந்த மக்களிடம் ஒரு வினாத்தாள் நீட்டப்பட்டது. பதினேழு வயது நிறைந்த அனைவரும் அதை நிரப்பவேண்டும். பெரும்பாலான வினாக்கள் எளியவை: உற்றார் எங்கே இருக்கின்றனர், எந்தச் செய்தித்தாள் படிக்கிறாய் என்பன போன்றவை. ஆனால் இருபத்தேழாவது வினாவும் இருபத்தெட்டாவது வினாவும் குடும்பங்களைப் பிளந்தன. அமெரிக்கப் படையில் சேர்ந்து அனுப்பும் இடத்தில் போரிட விருப்பமா என்பது முன்னது. அமெரிக்காவுக்கு நிபந்தனையற்ற பற்றுறுதி கூறி, ஜப்பானியப் பேரரசருக்கான பற்றுறுதியைத் துறக்கிறாயா என்பது பின்னது.

அம்மக்கள் அங்கே வந்த வரலாற்றை நினைவுகூர்வோம். 1941 டிசம்பர் 7 அன்று ஜப்பான் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கியது. 1942 பிப்ரவரி 19 அன்று குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் 9066 எண்ணுள்ள ஆணையில் கையொப்பமிட்டார். அதன் விளைவாக மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வழியினர் ஏறத்தாழ 1,20,000 பேர் வீடு வாசலை விட்டுப் பத்து முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களில் மூன்றில் இரு பங்கினர் அமெரிக்க மண்ணில் பிறந்த குடிமக்கள். எவர்மீதும் குற்றச்சாட்டு இல்லை, விசாரணையும் இல்லை. சியாட்டில் நகர ஜப்பானியக் கத்தோலிக்கரின் பங்குத்தந்தையாய் இருந்த மேரிநோல் சபை அருள்தந்தை லியோபோல்டு திபேசர், தம் மக்களைப் பின்தொடர்ந்து ஐடஹோ மாநிலத்து மினிடோகா முகாமுக்கே சென்று பணியாற்றினார் என்பதை இவ்விடத்தில் குறிப்பிடாமல் செல்ல மனம் வரவில்லை.

இனி வினாக்களுக்கு வருவோம். ஜப்பானில் பிறந்து குடியேறிய முதல் தலைமுறையினருக்கு அமெரிக்கக் குடியுரிமை பெறும் வழியையே அன்றைய சட்டம் அடைத்திருந்தது. அது திறந்தது 1952இல்தான். அவர்கள் ஜப்பானியப் பற்றுறுதியைத் துறந்தால் எந்நாடும் அற்றவர் ஆவர். அவர்களுக்கான சொற்களைப் பின்னர் மாற்றவேண்டியதாயிற்று. இரண்டாம் தலைமுறையினரின் இக்கட்டு வேறு. பேரரசரைக் கண்டும் அறியாத இளைஞன் 'துறக்கிறேன்' என்றால், இதுவரை பற்றியிருந்தேன் என்று ஒப்புக்கொண்டதாகாதா? 'இல்லை' என்றாலோ துரோகி. வரி கொடுப்பது முறையா என்று நம் ஆண்டவரிடம் கேட்டவர்களும் இப்படிப்பட்ட வினாவையே கொண்டுவந்தனர். ஆம் என்றாலும் கண்ணி, இல்லை என்றாலும் கண்ணி. அவர் நாணயத்தைக் கேட்டு வாங்கினார். முகாமில் இருந்தோருக்கோ தாளில் இரண்டே விடைகளுக்குத்தான் இடமிருந்தது.

நாம் இறைவன்மீது கொள்ளும் நம்பிக்கைக்கு வழங்கும் 'விசுவாசம்' என்னும் சொல்லையே அரசுக்குரிய பற்றுறுதிக்கும் வழங்குகிறோம். இரண்டும் ஒன்றா என்ற ஐயம் இவ்வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் எழுகிறது.

'ஆம்' என்ற இளைஞர் பலர் 442ஆவது படைப்பிரிவில் சேர்ந்து இத்தாலியிலும் பிரான்சிலும் குருதி சிந்தினர். பெற்றோர் முள்வேலிக்குள், பிள்ளைகள் போர்முனையில். இரு வினாக்களுக்கும் 'இல்லை' என்றோர் கலிபோர்னியாவின் டூலி லேக் முகாமுக்குப் பிரித்து அனுப்பப்பட்டனர். 1944இல் கட்டாயப் படைச்சேர்ப்பு முகாம்களுக்கும் வந்தபோது, 'முதலில் எங்கள் உரிமையைத் தாருங்கள்' என்று கூறி மறுத்தவர்கள் சிறை சென்றனர்.

இந்த மறுத்தவனைக் கதைத்தலைவனாக்கியவர், மறுக்காத ஒருவர் என்பதே வியப்பு. ஜான் ஒகாடா 1923இல் சியாட்டிலில் பிறந்தவர். மினிடோகா முகாமில் இருந்தவர். பின்பு அமெரிக்க விமானப் படையில் ஜப்பானிய மொழி அறிந்தவராகப் பணியாற்றியவர். 1957இல் வெளிவந்த அவருடைய 'நோ-நோ பாய்' என்னும் புதினத்தில், இரண்டு ஆண்டு முகாமிலும் இரண்டு ஆண்டு சிறையிலும் கழித்த இச்சிரோ என்னும் இருபத்தைந்து வயது இளைஞன் சியாட்டில் திரும்புகிறான். நுணுகிப் பார்த்தால் தலைப்பு முற்றும் பொருந்தாது: வினாத்தாளில் 'இல்லை, இல்லை' என்றவர்கள் டூலி லேக் சென்றார்கள், சிறை சென்றவர்கள் படைச்சேர்ப்பை மறுத்தவர்கள். மக்கள் வாயில் இருவரும் ஒன்றாயினர். புதினமும் அவ்வழியே சென்றது.

இச்சிரோவின் தாய், ஜப்பானே போரில் வென்றது என்றும் தங்களை அழைத்துச் செல்லக் கப்பல் வரும் என்றும் நம்புகிறாள். ஜப்பானிலிருந்து உடன்பிறந்தாள் பசிக்கு உணவு கேட்டு எழுதும் மடலையும் ஏற்க மறுக்கிறாள். இறுதியில் குளியல் தொட்டியில் தன்னை மாய்த்துக்கொள்கிறாள். தம்பியோ அண்ணனின் களங்கத்தைக் கழுவப் பதினெட்டு வயதில் படைக்கு ஓடுகிறான். தந்தை குடியில் ஒளிந்துகொள்கிறார். இவர்களில் எவரையும் ஒகாடா கேலி செய்யவில்லை. தாயைச் சற்றுக் கடுமையாகத் தீட்டிவிட்டார் என்பது என் கருத்து. எனினும் அவளுடைய பிடிவாதத்தின் அடியில், வாழ்ந்த முப்பத்தைந்து ஆண்டுகளிலும் 'நீ எங்களவள்' என்று ஒருமுறையும் கேளாத ஒருத்தியின் துயரம் இருப்பதை வாசகர் உணரலாம்.

புதினத்தின் உயிர், இச்சிரோவும் கென்ஜியும் பழகும் பகுதிகளில் உள்ளது. கென்ஜி போருக்குச் சென்று பதக்கத்தோடும் ஒரு காலை இழந்தும் மீண்டவன். அக்காலின் எஞ்சிய பகுதியும் அழுகுகிறது. மருத்துவர்கள் சிறிது சிறிதாக வெட்டுகின்றனர். சாவு தொலைவில் இல்லை. இருவரும் தங்கள் நிலைகளை ஒருவரோடொருவர் மாற்றிக்கொள்வதைப் பற்றிப் பேசுகின்றனர். செத்துக்கொண்டிருக்கும் வீரனைப் பார்த்து, உயிரோடிருக்கும் மறுப்பாளன் பொறாமை கொள்கிறான். 'ஆம்' என்றவனும் 'இல்லை' என்றவனும் ஒரே ஊர்தியில் இரவெல்லாம் அருகருகே செல்லும் அக்காட்சிகளை எழுத, படையில் பணியாற்றிய ஒருவர் எவ்வளவு நெஞ்சுரம் கொண்டிருக்கவேண்டும்!

அந்நெஞ்சுரத்திற்குப் பரிசு கிட்டவில்லை. அச்சிட்ட 1,500 படிகளும் விற்றுத் தீரவில்லை. மறக்க விரும்பிய காயத்தைக் கிளறியவர் என்று அவருடைய சமூகமே முகம் திருப்பிக்கொண்டது. 1971இல் நாற்பத்தேழு வயதில் ஒகாடா இறந்தார். முதல் தலைமுறையினரைப் பற்றி அவர் எழுதிவந்த இரண்டாம் புதினத்தின் கைப்படியைப் பெற்றுக்கொள்வார் இல்லாமல் அவர் மனைவி எரித்துவிட்டார். 1976இல் இளம் எழுத்தாளர் சிலர் தாங்களே பொருள் திரட்டி முதல் புதினத்தை மறுபதிப்புச் செய்தனர். இன்று அது கல்லூரிகளில் பாடமாக உள்ளது.

அவருக்குப் பின் வந்தோரில் ஜூலி ஒட்சுகா குறிப்பிடத்தக்கவர். 2002இல் வந்த அவருடைய முதல் புதினத்தில் குடும்பத்தினர் எவருக்கும் பெயர் இல்லை; தாய், சிறுமி, சிறுவன், அவ்வளவே. காலணி அணியவும் நேரமின்றி இழுத்துச் செல்லப்பட்ட தந்தை போர் முடிந்து தொடர்வண்டி நிலையத்தில் வந்து இறங்கும்போது, கூனிய அம்முதியவரைப் பிள்ளைகளால் தந்தையென ஏற்க முடியவில்லை. இறுதி இயலின் தலைப்பு 'வாக்குமூலம்'. அதில் ஒரு குரல், நீர்நிலைகளில் நஞ்சு கலந்தது முதல் தன்மீது சாட்டப்படக்கூடிய எல்லாவற்றையும் தானே செய்ததாக ஒப்புக்கொள்கிறது. ஒப்புரவு அருட்சாதனத்தை அறிந்த நமக்கு அவ்வியல் அச்சமூட்டுகிறது. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் செய்தது சொல்லப்பட்டு மன்னிப்புக் கிடைக்கிறது. இங்கோ செய்யாதது சொல்லப்படுகிறது. மன்னிப்பார் எவரும் இல்லை. வியத் தான் நுயென் 2015இல் எழுதிய 'தி சிம்பதைசர்' புதினமும் வாக்குமூல வடிவிலேயே அமைந்திருப்பது தற்செயல் என்று தோன்றவில்லை. அதன் கதைசொல்லி, பிரெஞ்சுக் குரு ஒருவருக்கும் வியட்நாமியப் பெண்ணுக்கும் முறைகேடாகப் பிறந்தவன். இரு தரப்புக்கும் இடையே நின்ற உளவாளி. நுயெனின் பெற்றோர், 1954இல் வடக்கிலிருந்து தெற்கே பெயர்ந்த வியட்நாமியக் கத்தோலிக்கர்களுள் அடங்குவர்.

1988இல் அமெரிக்க அரசு முகாம்களுக்காக மன்னிப்புக் கேட்டது. உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் வழங்கியது. படைச்சேர்ப்பை மறுத்தவர்களிடம் அவர்களுடைய சொந்தச் சமூகத்தின் முதன்மை அமைப்பான ஜப்பானிய அமெரிக்கக் குடிமக்கள் கழகம் மன்னிப்புக் கேட்க மேலும் பதினான்கு ஆண்டுகள் ஆயின. 2002இல் அந்த விழாவுக்கு வர இயன்றவர்கள் முதுமையில் தளர்ந்திருந்தனர். ஒகாடா இறந்து முப்பத்தோர் ஆண்டுகள் ஆகியிருந்தன.