இடுப்புத் தளத் தசைகளும் கெகல் பயிற்சியின் வரலாறும்

பெண்ணின் இடுப்பெலும்புக் கூட்டின் அடிப்புறம் எலும்பால் மூடப்பட்டதன்று. முன்னே பூப்பெலும்பிலிருந்து பின்னே வால் எலும்பு வரை தூளித் துணி போல விரிந்திருக்கும் தசைகளே அதற்குத் தளம். சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் இவை தாங்குகின்றன. சிறுநீரையும் மலத்தையும் அடக்கிவைக்க உதவுகின்றன. பிள்ளைப்பேற்றின்போது பெரிதும் விரிந்து கொடுப்பவையும் இவையே. அதன்பின் இவை தளர்ந்துவிட்டால் இருமும்போதும் தும்மும்போதும் சிறுநீர் கசியும். சிலருக்குக் கருப்பை கீழிறங்கும். வகுப்பில் இனப்பெருக்க மண்டலப் படம் வரைந்த நாள்களில், கரும்பலகையில் கருப்பைக்குக் கீழே வெற்றிடம்தான் விட்டிருக்கிறேன்.

இத்தசைகளுக்குப் பயிற்சி தரும் எண்ணம் 1936-லேயே நூலாக வந்தது. இலண்டனில் நடனக் கலைஞர் மார்கரெட் மோரிஸ், புனித தாமஸ் மருத்துவமனையைச் சேர்ந்த மின்னி ராண்டலுடன் இணைந்து, பிரசவத்துக்கும் அறுவைக்கும் பிந்தைய பயிற்சிகளைத் தொகுத்து வெளியிட்டார். ஆனால் உலகம் அறிந்த பெயர் ஆர்னால்டு கெகல். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் மகப்பேறு மருத்துவரான இவர் 1948-இல் தம் கட்டுரையை வெளியிட்டார். கை, கால் தசையைப் போலவே இதுவும் பயன்படுத்தாவிட்டால் மெலியும், எதிர்விசை கொடுத்துப் பழக்கினால் வலுப்பெறும் என்பது அவர் வாதம்.

அதற்காக அவர் வடிவமைத்த கருவி பெரினியோமீட்டர். யோனிக்குழாயில் வைக்கும் காற்றுப் பை ஒன்று, அதனுடன் குழாயால் இணைத்த அழுத்தமானி ஒன்று, அவ்வளவுதான். தசையைச் சுருக்கினால் முள் உயரும். தாம் செய்வது சரியா என்பதைப் பெண்ணே கண்ணால் பார்க்கலாம். நாளுக்கு மூன்று முறை, முறைக்கு 20 நிமிடம் பழகச் சொன்னார்.

பின்னர் பயிற்சி பரவியது, அழுத்தமானி பரவவில்லை. "இறுக்கிப் பிடியுங்கள்" என்ற வாய்ச்சொல்லே மிஞ்சியது. அதன் விளைவை 1991-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. சுருக்கமாகச் சொல்லிக்கொடுத்த பின் 47 பெண்களைச் சோதித்தபோது, நன்றாகச் செய்தவர்கள் 23 பேர். 12 பேர் கசிவைக் கூட்டக்கூடிய முறையில் செய்தனர். மேலே இழுக்க வேண்டிய தசையைக் கீழ்நோக்கி முக்குவதே பலர் செய்யும் பிழை.

தாங்குதளம் ஏன் முக்கியம் என்பதை 1994-இல் ஜான் டிலான்சி தெளிவாக்கினார். கட்டாந்தரையில் கிடக்கும் ரப்பர் குழாயை மிதித்தால் நீர் நிற்கும். சேற்றில் கிடந்தால் குழாய் புதையுமே தவிர நீர் நிற்காது. சிறுநீர் வெளியேறும் குழாயின் நிலையும் இதுதான். இருமல் மேலிருந்து அழுத்தும்போது, கீழே உறுதியான தளம் இருந்தால்தான் அது மூடும்.

வாயு பிரியாமல் அடக்கும்போது உள்ளே மேலேறும் உணர்வே சரியான தசைக்கு அடையாளம். வயிறும் பிட்டமும் இறுகக் கூடாது, மூச்சை அடக்கக் கூடாது. சிறுநீர் கழிக்கையில் இடையில் நிறுத்திப் பழகுவதும் தவறு. ஐயம் இருந்தால் மகப்பேறு மருத்துவரோ பிசியோதெரபிஸ்டோ விரலால் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார். இப்போது அல்ட்ராசவுண்ட் திரையிலும் அதைக் காட்டுகிறார்கள். கெகலின் முள் காட்டியதும் அதைத்தான்.