ஆழ்கடலும் அமுக்க அறையும்

திருகோணமலைத் துறைமுகத்தின் ஆழத்தைப் புகழாத கடலோடி இல்லை. ஆயினும், கடலாழம் மனித உடலுக்கு இழைக்கும் தீங்கையும், அதைத் தீர்க்க எழுந்த அறையின் வரலாற்றையும் அறிந்தோர் சிலரே.

மன்னாரில் முத்துக் குளித்தோர் மூச்சடக்கி மூழ்கி, சிறு பொழுதில் மேலே வந்தனர். 1956ஆம் ஆண்டில் மைக் வில்சன் என்பார் கோணேசர் மலையடியில் மூழ்கி, போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய பழங்கோயிலின் கற்களைக் கண்டபோதோ, அவர் முதுகில் காற்றுக்கலம் இருந்தது. காற்றைக் கொண்டு ஆழத்தில் நெடுநேரம் தங்குவோரையே பெரும்பாலும் அந்நோய் பற்றுகின்றது.

ஆழம் மிக அமுக்கம் மிகும். அமுக்கம் மிகவே, சுவாசிக்கும் காற்றிலுள்ள நைதரசன் குருதியிலும் இழையங்களிலும் கரைகின்றது. விரைந்து மேலெழுந்தால் அது குமிழிகளாகப் பொங்கும். மாணவர்க்கு இதனை விளக்க நான் சோடாப் போத்தலைத் திறந்து காட்டுவதுண்டு. மூட்டுகள் நோகும், முள்ளந்தண்டு தாக்குண்டால் கால்கள் செயலிழக்கும். இவ்வுண்மையைப் பிரெஞ்சு அறிஞர் போல் பேர் 1878இல் நூலாக நிறுவினார்.

நோயின் காரணத்தை அறிஞர் கண்டார். கருவியைச் செய்தவர் ஒரு பொறியியலாளர். நியூயோர்க்கில் ஹட்சன் ஆற்றின் கீழே சுரங்கம் அகழ்ந்தோர், அமுக்கப்பட்ட காற்றினுள் உழைத்தனர். அவர்களுள் ஆண்டுக்கு நால்வரில் ஒருவர் என்னும் அளவில் மாண்டனர். 1889இல் அங்கு வந்த எர்னஸ்ட் மொயிர், கொதிகலன் போன்றதோர் இரும்பு உருளையை அமைத்து, நோயுற்றோரை அதனுட் கிடத்தி, அமுக்கத்தை மீண்டும் ஏற்றி, மெல்ல மெல்லத் தணித்தார். பின்னர்ப் பதினைந்து மாதங்களில், ஏறத்தாழ 120 தொழிலாளருள் இறந்தோர் இருவரே.

1937இல் அமெரிக்கக் கடற்படை மருத்துவர் பெங்கேயும் ஷோவும் இம்முறையுடன் ஒட்சிசனைச் சேர்த்தனர். 1960இல் ஆம்ஸ்டர்டாம் மருத்துவர் புரேமா, செங்குருதிக் கலங்களை ஏறக்குறைய முற்றாக நீக்கிய பன்றிகளையும் மூன்று வளிமண்டல அமுக்கத்தில் ஒட்சிசனால் உயிர்வாழ வைத்துக் காட்டினார். அதன்பின் ஆறாப் புண்ணுடையோரும் நச்சுப்புகை உண்டோரும் இவ்வறைக்கு வரலாயினர்.

இங்கேதான் சிக்கல் எழுந்தது. வலிய மனமுடைய கடற்படைவீரன் பொறுத்த இரும்புக் குழாய், முதியவருக்குச் சிறையன்றோ? கடற்படையார் கைக்கொள்ளும் சிகிச்சையொன்று ஏறத்தாழ ஐந்து மணி நேரம் நீள்கின்றது. அமுக்கம் ஏறுகையில் அறை சூடேறும், செவி வலிக்கும்; தணிகையில் குளிரும், மூடுபனியும் படரும். ஒட்சிசன் மிகுந்தால் வலிப்பு வருமாதலால், அதனை இருபது நிமிடம் சுவாசித்தபின் ஐந்து நிமிடம் வெறுங்காற்று அளிப்பர். அச்சத்தால் நோயாளி இடையில் வெளியேற நேரின், சிகிச்சை குறைப்பட்டுப்போம். எனவே கண்ணாடிச் சாளரமும், நிமிர்ந்து உட்கார இடமும், உள்ளே துணையிருக்கும் தாதியும், உணவும் மருந்தும் அனுப்பச் சிறு கதவும் ஆடம்பரம் ஆகா. அவையும் மருத்துவமே என்பது என் துணிபு. தீப்பற்றும் அச்சத்தால் பருத்தி ஆடையன்றி வேறு அணியவிடார்.

திருகோணமலைக் கடற்படைத் தளத்திலும் இத்தகைய அறை நிறுவப்பட்டுள்ளது. இன்று நம் கரையோரத்தில் காற்றுக்கலம் கட்டிச் சங்கும் கடலட்டையும் எடுக்கும் மீனவர்க்கு அது ஒரு புகல். ஆனால் தொலைதூரக் கரையில் நோயுற்றவன் தரைவழியே வந்துசேரும் அத்தனை மணி நேரமும், குமிழிகள் அவனது நரம்பை நெரித்தவண்ணமே இருக்கின்றன.