உளுந்துச் செடியும் கொரோனாவும்: மரபணுவை வாயடைக்கும் மருந்தின் வரலாறு



பாலாறு என்றால் நமக்கு ஓர் ஆறு, ஒரு சோதனைச் சாவடி, அதைத் தாண்டினால் தமிழ்நாடு. 1956க்கு முன் கொள்ளேகால் வட்டமே கோவை மாவட்டத்தில்தான் இருந்தது. மாநிலம் மாறியும் உறவு மாறவில்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோதுதான் எல்லை என்பது நமக்கு மெய்யாகவே எல்லையாயிற்று. "இவ்வளவு விஞ்ஞானம் இருந்தும் ஒரு மருந்து இல்லையா?" என்று கேட்காத வீடு இல்லை. அப்படியொரு மருந்துக்கு 2005ஆம் ஆண்டிலேயே வழி தெரிந்திருந்தது. அந்த வழியைத் திறந்த ஆய்வுகளில் நம்ம மதுரைக்கும் ஒரு பங்கு உண்டு. அந்த வரலாற்றைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பேரேடும் துண்டுச்சீட்டும்

அடியேன் தானிய வணிகன். கடைப் பேச்சிலேயே சொல்லிவிடுகிறேன். நம் உடம்பின் உயிரணுக்களில் டி.என்.ஏ. என்ற பேரேடு இருக்கிறது. அது பெட்டியை விட்டு வெளியே வராது. வேண்டிய வரியை மட்டும் ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கிடங்குக்கு அனுப்புவோம் இல்லையா? அந்தச் சீட்டுதான் ஆர்.என்.ஏ. சீட்டில் உள்ளபடி கிடங்கிலே புரதம் என்னும் சரக்கு தயாராகிறது.

கொரோனா வைரசுக்குப் பேரேடே கிடையாது. சுமார் 30,000 எழுத்துள்ள ஒரு சீட்டுதான் அதன் மொத்தச் சொத்து. அது உள்ளே நுழைந்ததும், முதலாளி அனுப்பிய சீட்டு என்று நம்பி நம் கிடங்கு ஆட்களே அதற்குச் சரக்குக் கட்டுகிறார்கள். சீட்டின் ஒரு பகுதிக்குப் பொருந்துகிற 21 எழுத்து அளவிலான சிறு ஆர்.என்.ஏ.வை உள்ளே அனுப்பினால், உயிரணுவின் சொந்தக் கத்தரியே அந்தச் சீட்டைத் தேடி நறுக்கிவிடும். இதைத்தான் மரபணுவை வாயடைத்தல் என்கிறார்கள்.

வெளுத்துப் போன பூ

1990இல் அமெரிக்காவில் ஜோர்கன்சன் குழுவினர் பெட்டூனியாப் பூவின் ஊதா நிறத்தை இன்னும் அழுத்தமாக்க நினைத்து, நிறத்துக்கான மரபணுவைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். பல செடிகளில் பூ வெளுத்துப் போயிற்று! காரணம் அப்போது விளங்கவில்லை. 1998இல் ஆண்ட்ரூ ஃபயர், கிரெய்க் மெல்லோ இருவரும் ஒரு சிறு புழுவில் ஆராய்ந்து, இரட்டை இழை ஆர்.என்.ஏ.தான் மரபணுவை அடக்குகிறது என்று நிறுவினார்கள். 2001இல் ஜெர்மனியில் டுஷ்ல் குழு மனித உயிரணுவிலும் இது நடக்கும் என்று காட்டியது. 2006இல் ஃபயர், மெல்லோ இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

மதுரையும் உளுந்தும்

உளுந்து வாங்கி விற்கிறவர்களுக்கு மஞ்சள் தேமல் நோயைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் அது. இலை மஞ்சளாகும், காய் பிடிக்காது, அப்புறம் மண்டியில் விலை ஏறும். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் வேலுத்தம்பி, சிவப்பிரசாத் ஆகியோர் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகர ஆய்வாளர்களோடு சேர்ந்து, நோய்ப்பட்ட உளுந்துச் செடிகளில் இந்த வாயடைப்பு முறையைச் சோதித்தார்கள். செடிகள் தேறின. 2003இல் நேச்சர் பயோடெக்னாலஜி இதழில் அது வெளிவந்தது. உளுந்து வைரசுக்கு டி.என்.ஏ. பேரேடு உண்டு. அதையும் இம்முறை அடக்கும் என்று காட்டியதே அந்த ஆய்வின் சிறப்பு.

சார்ஸ் போனது, ஆய்வும் போனது

அதே 2003இல் கொரோனா இனத்தைச் சேர்ந்த சார்ஸ் வைரஸ் 8,000 பேரைத் தாக்கி 774 பேரைக் கொன்றது. 2005இல் சீன, அமெரிக்க ஆய்வாளர்கள் சிறு ஆர்.என்.ஏ. மருந்தைக் குரங்குகளின் மூக்கு வழியே செலுத்தினார்கள். காய்ச்சல் தணிந்தது, வைரஸ் குறைந்தது, நுரையீரல் சேதமும் குறைந்தது. ஆனால் அதற்குள் சார்ஸ் மறைந்துவிட்டது. சோதிக்க நோயாளி இல்லை, வாங்க ஆளில்லை, பணம் போட யாரும் இல்லை. மருந்து மனிதரை வந்தடையவே இல்லை.

இம்முறையில் அமைந்த முதல் மருந்துக்கு, பேட்டிசிரான் என்று பெயர், 2018இல்தான் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அது ஒரு பரம்பரை நரம்பு நோய்க்கானது. கொழுப்புத் துகளில் பொதிந்து ஊசியில் ஏற்றினால் அது நேரே ஈரலுக்குப் போய்ச் சேரும். நுரையீரலுக்குக் கொண்டு சேர்ப்பதுதான் பெரும்பாடு. ஆர்.என்.ஏ. சீக்கிரம் சிதையும், உயிரணுவுக்குள் எளிதில் நுழையாது. 2021இல் ஆஸ்திரேலிய, அமெரிக்க ஆய்வாளர்கள் எலிகளில் கொரோனாவை இம்முறையில் வெகுவாகக் குறைத்தார்கள். அந்த ஆண்டின் இறுதியில் ரஷ்யாவில் மிர்-19 என்ற உள்ளிழுக்கும் மருந்துக்கு அனுமதி கிடைத்தது. அதற்குள் இந்தியாவில் இரண்டாம் அலை எத்தனையோ குடும்பங்களைக் குலைத்துவிட்டுப் போய்விட்டது.

நாம் கற்க வேண்டியது

வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டும் என்பார்கள் நம் பெரியவர்கள். நோய் இல்லாத ஆண்டுகள்தான் மருந்து செய்ய வேண்டிய ஆண்டுகள். 2005க்குப் பின் அந்த வேலை விடாமல் நடந்திருந்தால் 2020இல் கையில் ஒரு மருந்து இருந்திருக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் முதல் படியிலிருந்து தொடங்க வேண்டிய நிலை வந்திருக்காது. விலை விழுந்த ஆண்டில் விதையை விற்றுத் தின்கிறவன் அடுத்த ஆண்டு எதை விதைப்பான்?

மைசூரிலும் பெங்களூரிலும் உயிரியல் படிக்கும் நம் பிள்ளைகளிடம், "இதுக்கெல்லாம் வேலை கிடைக்குமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். உளுந்துச் செடியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் மருத்துவத்துக்கு வழி காட்டியிருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். நம் சங்கம் ஆண்டுதோறும் வழங்கும் கல்வி உதவியில் ஒரு பங்கை இத்தகைய ஆய்வு மாணவர்க்கு ஒதுக்கினால் அது நல்ல முதலீடு என்பது இந்த வணிகனின் கணக்கு.